நூற்று எண்பத்தேழு ஓட்டு

போன தேர்தலில் நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?

கோபம் வருகிறதா? வரட்டும். அதைக் கேட்க நீ யார் என்ற பதில் உங்கள் நாக்கு நுனிவரை வந்திருக்கும். நீங்கள் அதைச் சொன்னால் யாரும் உங்களை ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். பூங்கொடி சொன்னாள். அவளுடைய விலா எலும்புகள் இரண்டு முறிந்தன.

காரைக்கால் கடலோரத்தில், கிளிஞ்சல்மேட்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். பெயர் வேண்டாம். எழுதினால் அங்கே இன்னும் குடியிருக்கிற பெண்களின் முதுகில்தான் அது அடியாக விழும்.

பூங்கொடி மீன் விற்கிறவள். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி விழிதியூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் ஒரு வீட்டு அம்மாள் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "என்ன பூங்கொடி, செத்து ரெண்டு நாளாச்சு போலருக்கே?" என்றாள்.

"பின்ன என்னக்கா, உசுரோட வந்து உங்க வாசல்ல கோலம் போடணுமா?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கினாள். இன்றுவரை அவள் வேறு யாரிடமும் வாங்குவதில்லை.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவளுக்குள் ஒரு பழைய எரிச்சல் இருந்தது. மீனவ ஊரில் ஆள் கணக்கு என்றால் வரிக் கணக்கு. கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கொடுப்பான். அவன் ஒரு வரி. ஊர்ப் பொதுவில் எது வந்தாலும் வரிக்கு ஒரு பங்கு. புருஷன் செத்துப்போனால் பெண்டாட்டி அரை வரி. அவன் உயிரோடு இருக்கும்வரை அவள் கணக்கிலேயே இல்லை. சுனாமியில் பூங்கொடியின் அப்பா போனார். நிவாரண அரிசி வந்து இறங்கியபோது அம்மாவுக்கு அரை மூட்டை அளந்தார்கள். "அழுவுறது மட்டும் முழுசா அழுவணும், சோறு மட்டும் அரையா?" என்று அம்மா கேட்டாள். அளந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பூங்கொடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முழு ஆளாக எண்ணப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுச்சாவடி. முதல்முறை போனபோது விரலில் மை வைத்த டீச்சரிடம் மெதுவாகக் கேட்டாள்: "யாருக்குப் போட்டேன்னு யாருக்கும் தெரியாதுல்ல டீச்சர்?"

"யாருக்கும் தெரியாதும்மா. உங்க வீட்டுக்காரருக்குக்கூட."

அந்த டீச்சருக்கு இந்நேரம் அது மறந்தே போயிருக்கும். பூங்கொடிக்கு அது அரசாங்கம் அவளுக்கு நேரில் கொடுத்த வாக்கு. அட்டை மறைப்புக்குப் பின்னால் அவள் நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில் நாட்டாண்மை இல்லை, புருஷன் இல்லை, அம்மனும் எட்டிப் பார்க்க முடியாது.

ஊருக்குள் நிலைமை வேறு. நம் புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் உள்ளாட்சித் தேர்தல் என்பது வால் நட்சத்திரம் மாதிரி; பார்த்தவர்கள் கதை சொல்லலாம், அவ்வளவுதான். அரசாங்கம் காலியாக விட்ட நாற்காலியில் ஊர்ப் பஞ்சாயத்தார் உட்கார்ந்துவிட்டார்கள். யார் எந்த நாளில் கடலுக்குப் போகலாம், யாரோடு பேசலாம், யார் வீட்டுச் சாவுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான். ஓட்டும் அவர்கள் வாய்க்குள் போனதில் என்ன ஆச்சரியம்?

சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளர் அம்மன் கோவிலுக்கு ராஜகோபுரம் கட்டித் தருவதாகச் சொன்னார். ஊரில் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு கிடையாது. ஆனால் கோபுரம் வேண்டும். நாட்டாண்மை நடராசன் கோவில் மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். ஊர் என்றால் ஆண்கள். பெண்கள் மதிலுக்கு வெளியே நின்று காதைக் கொடுக்கலாம்.

"ஊர் ஓட்டு ஒரே ஓட்டு. ஒண்ணு சிதறுனாலும் ஊருக்கு அவமானம். வரிக்காரங்க எல்லாரும் வந்து சூடத்த அணைங்க" என்றார் நடராசன்.

ஒவ்வொருவனாக வந்து எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். பூங்கொடியின் புருஷன் மணிவேலும் அணைத்தான். சொந்த ஃபைபர் படகு, யார் வம்புக்கும் போகாதவன், சத்தியம் என்றால் நடுங்குகிறவன். தன் வீட்டு ஓட்டு அத்தனையும் சேர்த்துத்தான் சத்தியம் செய்கிறோம் என்று ஒவ்வொரு ஆணும் நினைத்தான். வெளியே நிற்கிறவர்களைக் கேட்கவேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தேர்தல் நடந்தது. பூங்கொடி போனாள், பட்டனை அழுத்தினாள். கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரிந்து அறுபட்டு விழுந்தது. வெளியே வந்து வழக்கம்போல ஏலத்துக்குப் போய்விட்டாள்.

எண்ணிக்கை அன்று வேட்பாளருக்கு ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவன் கவியரசன் என்ற ஊர்ப் பையன். அவர்கள் ஊருக்கென்று தனி பூத். அந்த மெஷினைத் திறந்து எண்ணிக்கையை உரக்கப் படித்தபோது அவன் காதை நம்பாமல் மறுபடி கேட்டான். ஊர் சொன்ன சின்னத்துக்கு நிறைய ஓட்டு. எதிர்ச் சின்னத்துக்கு நூற்று எண்பத்தேழு. ஊர் ஆதரித்த வேட்பாளர் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றுப்போனார். தோற்றவர் நடராசனுக்குப் போன் போட்டு, தாயாரை இழுத்துத் திட்டினார்.

மறுநாளே வேட்டை தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அவர்கள் யாரைத் தேடினார்கள் என்று பாருங்கள். ஊர் ஓட்டில் சரிபாதி பெண்களுடையது. சத்தியம் செய்தவர்கள் ஆண்கள் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட விரல் விட்டுச் சொல்லிவிடும். ஆனால் பஞ்சாயத்தார் ஆண்களைத்தான் தேடினார்கள். பெண்ணுக்குக் கணக்கே கிடையாது என்று பிறந்ததிலிருந்து படித்தவர்களுக்கு, அவள் விரலிலும் ஒரு மை இருக்கிறது என்பது மூளையில் ஏறவில்லை. போன வருடம் பஞ்சாயத்துத் தீர்ப்பை எதிர்த்தவன், வரி பாக்கி வைத்தவன், பக்கத்து ஊரில் பெண் எடுத்தவன் என்று இழுத்து வந்து மண்டபத் தூணில் கட்டினார்கள். கயிற்றால் அடித்தார்கள். வாயில் மணலைப் போட்டு, "சொல்லு, யாருக்குப் போட்ட?" என்றார்கள். வாயில் மணல் இருக்கிறவன் எப்படிச் சொல்லுவான்? ஒருவனுக்கு முன்பல் இரண்டு போனது.

நான்காவது ஆளாக மணிவேலை இழுத்தார்கள். அவன் எதிர்க் கட்சிக்காரனோடு டீக்கடையில் நின்றதை யாரோ பார்த்தார்களாம்.

"அம்மா மேல ஆணையா ஊர் சொன்னதுக்குத்தான் போட்டேன்" என்று கத்தினான் மணிவேல். அது உண்மை. உண்மைக்கு அங்கே என்ன மரியாதை? துடுப்புக் கட்டையை ஒருவன் ஓங்கினான். மணிவேல் கையை உயர்த்தித் தடுத்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு மடிந்த சத்தம் மதிலுக்கு வெளியே நின்ற பெண்களுக்கும் கேட்டது.

பூங்கொடி மதிலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக மண்டபத்துக்குள் வந்தாள். பெண் கால் படாத இடம். ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள்.

"அவர ஏன் அடிக்கிறீங்க? அவருக்கு இருக்கிறது ஒரு ஓட்டு. எனக்கும்தான் ஒண்ணு இருக்கு. என்னக் கேட்டீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கணத்தில்தான் அவர்களுக்கு உறைத்தது. நடராசனின் பார்வை மதிலுக்கு மேல் தெரிந்த பெண்களின் தலைகள்மீது மெதுவாகப் போய்த் திரும்பியது.

"அப்ப நீதான் மாத்திப் போட்டியா?"

"சொல்ல மாட்டேன்."

"சூடத்த ஏத்துங்கடா. ஊர் சொன்னதுக்குத்தான் போட்டேன்னு அணைச்சுட்டுப் போ. ஒன்ன விட்டுடுறோம்."

"ஊர் சொன்னதுக்கே போட்டிருந்தாலும் சொல்ல மாட்டேன் மாமா. அது என்னோடது."

"என்னடி ஒன்னோடது? மணிவேலு சோறு போட்டு வளத்த ஒடம்பு. அதுல ஒனக்குன்னு தனியா என்ன இருக்கு?"

"மாமா, அவருக்கு மூணு வேளையும் சோறு வடிக்கிறவ நான். ஒருநாளாச்சும் அவர் யாருக்குப் போட்டாருன்னு நான் கேட்டதில்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் நடராசனுக்குப் பொறுக்கவில்லை. அவர் கையை அசைத்தார். முதல் உதை வயிற்றில் விழுந்தது. கீழே விழுந்தவளை எத்தனை பேர் மிதித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு எரிகிற சூடத்தட்டின் பக்கம் முகத்தை இழுத்தான். கன்னத்தில் சூடு ஏற ஏற, "அணைடி, அணைடி" என்று கத்தினார்கள். அவள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள். கன்னம் கொப்பளித்தது. கை வெளியே வரவில்லை.

மதிலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புருஷனும் பெண்டாட்டியும் அடுத்தடுத்த வார்டில் கிடந்தார்கள். மாவுக்கட்டோடு வந்து அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான் மணிவேல். பிறகு குனிந்து கேட்டான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லு பூங்கொடி. ஒனக்காகக் கைய ஒடச்சுக்கிட்டவன் கேக்குறேன்."

"ஒங்க கைய நான் ஒடைக்கலங்க."

"சரி, ஒடைக்கல. ஆனாலும் புருஷன்கிட்ட என்ன ரகசியம்?"

அவள் கொப்பளத்தோடு திரும்பிப் பார்த்தாள். "ஒங்ககிட்ட சொன்னா, அப்புறம் எங்கிட்ட என்னங்க மிச்சம் இருக்கும்?"

மணிவேல் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

இதற்குள் ஊரில் வேறொன்று நடந்தது. பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா? ஒருநாள் பட்டப்பகலில், படகுகளைக் கரையேற்றிவிட்டு, வீட்டுக்கு வீடு விசாரணை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவனும் தன் பெண்டாட்டியைக் கேட்டான். கேட்டான் என்று நாகரிகமாக எழுதுகிறேன். பெல்ட்டால் கேட்டான், விறகுக் கட்டையால் கேட்டான், சுவரில் தலையை மோதிக் கேட்டான். கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது. சாயங்காலம் மண்டப வாசலில் வீங்கிய முகங்கள் வரிசையாக வந்து சூடத்தை அணைத்தன. "ஊர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன்." ஒருத்தி பாக்கியில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தவளைத் தவிர.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆண்கள் எல்லாரும் சத்தியம் செய்தாகிவிட்டது. ஒருத்தியைத் தவிர பெண்கள் எல்லாரும் சத்தியம் செய்தாகிவிட்டது. ஆனால் நூற்று எண்பத்தேழு ஓட்டு எதிரே கிடக்கிறது. சூடம் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும். அடிபட்ட பெண்களின் பயத்தில் அணைந்த சூடம் அது என்று யோசிக்க மூளை வேண்டும். பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொன்னார்கள்: மெஷின்தான் திருட்டு மெஷின்.

தோற்ற வேட்பாளருக்கு இது கரும்பாக இனித்தது. 'ஒரு ஊரே சத்தியம் செய்கிறது, ஓட்டு மெஷினில் மோசடி' என்று கவியரசன் வீடியோ போட்டான். மாவட்டம் முழுக்கப் போன் போனாகப் பறந்தது. படித்தவர்கள், வாத்தியார்கள், வக்கீல்கள்கூட அனுப்பினார்கள். அடியால் பிறந்த பொய்க்கு எவ்வளவு சீக்கிரம் இறக்கை முளைக்கிறது!

பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட நாள் குறித்தார்கள். ஒரே ஒரு தடங்கல்தான். ஊரே சத்தியம் செய்தது என்று சொல்ல ஒரு வீடு பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பூங்கொடிக்கு ஊரில் கடையில் உப்புக்கூடக் கொடுக்கவில்லை. படகு எஞ்சினைக் கழற்றி மண்டபத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். போலீசுக்குப் போனாள். "பெரியவங்க விஷயம், பேசி முடிச்சுக்கம்மா" என்றார்கள். தேர்தல் வேலை பார்க்கும் ஓர் அதிகாரியிடமும் போனாள்.

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே சார்?"

"ஒங்க ஓட்டு இப்பவும் யாருக்கும் தெரியாதும்மா. பூத் வாரியா மொத்தக் கணக்குதான் வெளியில வரும்."

"எங்க ஊரு ஒரு பூத்து. ஒரு வீட்டுல அடிச்சா அடுத்த வீட்டுல கேக்குற ஊரு. அங்க மொத்தம்னா என்னங்க, தனின்னா என்னங்க? சீட்டுல குத்துன காலத்துல பல பெட்டிச் சீட்டையும் கொட்டிக் கலந்துதான் எண்ணுவாங்கன்னு எங்க மாமனாரு சொல்லுவாரு. இப்பவும் அப்படி எண்ணக் கூடாதா?"

அதிகாரி அவள் கன்னத்துத் தழும்பைப் பார்த்தார். "சேத்து எண்ண வழி இருக்கும்மா. சட்டத்துலதான் இன்னும் எடம் தரல" என்றார். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் குஞ்சம்மாள், நாட்டாண்மையின் பெண்டாட்டி. ஒரு கண் ரத்தம் கட்டி மூடியிருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் பூங்கொடியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்த வார்த்த சொல்லிடு தங்கச்சி. நீயும் அணைச்சுட்டா பழி மெஷின்மேல போயிடும். எங்கள விட்டுடுவானுவ. நீ அணைக்கலன்னா நாங்க அணைச்சதும் பொய்யின்னு மறுபடி ஆரம்பிச்சுடுவானுவ."

பூங்கொடி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். "அக்கா, மெஷின் திருடுச்சுன்னு நீ நெனைக்கிறியா?"

குஞ்சம்மாளின் திறந்திருந்த ஒரு கண்ணில் தண்ணீர் நின்றது. பூங்கொடி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி அது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவளுக்கு இப்போது முதல்முறையாகப் பயம் வந்தது. தன் ஓட்டைக் காப்பாற்றினால் இந்தப் பெண்களுக்கு அடி. இவர்களைக் காப்பாற்ற வாய் திறந்தால், இவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போட்ட ஓட்டு திருட்டு ஓட்டாகிவிடும். அன்றைக்கு அவள் உலை வைக்கவே இல்லை.

மறுநாள், பூங்கொடியைச் சூடம் அணைக்கக் கூப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. சூடம் எரிந்தது. கவியரசன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பூங்கொடி நடுவில் வந்து நின்றாள். "மெஷின் பொய் சொல்லல" என்றாள். "நூத்தி எண்பத்தேழும் நானே போட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் என் பேர்ல எழுதிக்குங்க. மத்த பொம்பளைங்க மேல இனி ஒருத்தன் கை வைக்கக் கூடாது."

இளவட்டங்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஒரு விரலா, நூத்தி எண்பத்தேழு விரலா?" என்று ஒருவன் கூவினான்.

"ஒங்க கணக்குல பொம்பளைக்கு ஒரு விரலும் கெடையாதே தம்பி. இருக்குன்னு வந்தப்புறம் எத்தனைன்னா என்ன?"

நடராசன் எழுந்து வந்து அவளை அறைந்தார். அவள் விழுந்த இடத்திலேயே நான்கைந்து பேர் சூழ்ந்தார்கள். ஆறாத விலாவில் மறுபடி மிதி விழுந்தது. அப்போதுதான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மணிவேல் வந்தான். மாவுக்கட்டுக் கையோடு அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். முதுகில் அடி விழ விழக் கத்தினான்:

"நானும் போட்டேண்டா! நூத்தி எண்பத்தெட்டுன்னு எழுதிக்க!"

சத்தியத்துக்கு நடுங்குகிறவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. அவளிடம் அவன் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

கரையில் நின்ற அவர்கள் படகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஃபைபர் கறுப்புப் புகையாக எரிந்தது. வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள், பாத்திரங்களைத் தெருவில் எறிந்து மிதித்து நசுக்கினார்கள். இருட்டுவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவு. ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு விசாரணை நடக்கவில்லை. கவியரசனின் போனில் பதிவாகியிருந்தது என்னவென்று பார்த்த வேட்பாளர், பத்திரிகைக்காரர்களை வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்.

பூங்கொடியும் மணிவேலும் இப்போது காரைக்கால் டவுனில் ஆஸியா பீவி என்ற அம்மாளின் கொல்லைப்புற அறையில் இருக்கிறார்கள். அவள் பல வருடமாகப் பூங்கொடியிடம் மீன் வாங்குகிறவள். வாடகை பேசப் போனபோது, "மொதல்ல கொழம்பு வைக்க நல்ல மீனாக் கொண்டாம்மா, வாடகைய அப்புறம் பேசுவோம்" என்றாளாம். மணிவேல் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். வலை பிடிக்கிற கையில் எலும்பு சரியாகக் கூடவில்லை. வழக்குப் பதிவாகியிருக்கிறது; பார்த்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. 'திருட்டு மெஷின்' வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கலாம்.

வந்திருந்தால் அழித்துவிடுங்கள். அதோடு நிற்காதீர்கள். அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் மறுபடி அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நிற்கப் போகிறார்கள். எண்ணுகிறபோது அவர்கள் மறுபடி தனியாக எண்ணப்பட்டுக் காட்டிக்கொடுக்கப்படுவார்கள். பூத் பூத்தாக எண்ணாதே, பல பூத்துகளைக் கலந்து எண்ணு என்று ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு, எம்.பி.க்கு, தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். உங்கள் சங்கத்தில், கல்லூரியில், தெருவில் நான்கு பேரையாவது எழுத வையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். இன்றைக்கே ஆரம்பியுங்கள்.